திட்டு வாங்கி வளர்ந்த மிளகாய்

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது வீட்டின் பின்பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

“வெக்கமா இல்ல உனக்கு? வேளாவேளைக்குத் தண்ணி குடிக்கிறே. நோகாம வெயில் காயுறே. பூ வச்சு மினுக்கிக்கிட்டு நிக்கிறே. காய் எங்க? உன்னைத்தான் கேக்குறேன், காய் எங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“திரும்பிப் போயிடலாங்க. சண்டை நடக்குற வீட்டுல எப்படிச் சாப்பிடுறது?”

அந்த வீட்டில் சாப்பிடாமல் தப்பிக்க அவளுக்கு வேறு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பக்கத்து வீட்டுக் கண்டக்டர் இடுப்பில் கைவைத்து, குனிந்து, ஒரு மிளகாய்ச் செடியின் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டிருந்தார். செடிக்கு முகம் எது என்று என்னைக் கேட்காதீர்கள், அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். பஸ் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் வாய் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், கண்டக்டருடைய டீ கிளாஸை ஏந்திக்கொண்டு பக்கத்தில் பணிவாக நின்றார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்றார்.

நான் அத்தானைத் தனியாக இழுத்துப் போனேன்.

“என்ன அத்தான் இது?”

“நர்சரிக்காரர்கிட்ட கேட்டேன் மாப்ளே, மிளகாய்க்குக் காரம் ஏத்துறது எப்படின்னு. செடிக்குக் கஷ்டம் குடுத்தாத்தான் காரம் ஏறும்னாரு.”

“தண்ணியைக் குறைக்கச் சொல்லியிருப்பாரு.”

“அதைத்தான் சொன்னாரு. குறைச்சும் பார்த்தேன். சாயங்காலம் வந்து பார்த்தா இலையெல்லாம் தொங்கிப்போய் நிக்குது. எனக்குச் சாப்பாடே இறங்கல. அதான் தண்ணியை ஊத்திட்டு, மனசுக் கஷ்டம் குடுக்கலாம்னு…”

“அதுக்குக் கண்டக்டரா?”

“எனக்குத் திட்ட வராதே மாப்ளே.”

அது உண்மை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “பயப்படாதீங்க, நான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிச் சொல்லியே வேலை பார்த்தவர். அவர் பேச்சைக் கேட்டு உள்ளேயே தூங்கிப்போனவர்கள் உண்டு. கதவைத் திறந்த பிறகும், “இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்களேன்” என்று ஒரு வக்கீல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதர் போய்ச் செடியை என்ன திட்டுவார்?

இத்தனை பாடும் அக்காவின் நாக்குக்காக.

அக்காவுக்கு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. சும்மா தின்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு பிஸ்கட்டைக் கடித்து, கண்ணை மூடி, “மாவு மூட்டை சோப்புப் பெட்டிக்குப் பக்கத்துல இருந்திருக்கு” என்பாள். போய்ப் பார்த்தால் இருக்கும். ஒரு தடவை இன்னொரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, “இந்த மாவைக் கொண்டுவந்த டிரைவர் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கார்” என்றாள். நானே அந்த டிரைவரைத் தேடிப்போய்க் கேட்டேன். அழுதுவிட்டார். நான் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன். பார்க்காததையெல்லாம் என் மனைவி பார்த்திருக்கிறாள், அவளைக் கேளுங்கள்.

அப்படிப்பட்ட நாக்கை ஒரு காய்ச்சல் வந்து துடைத்துக்கொண்டு போய்விட்டது. சர்க்கரையும் சாம்பலும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. வாசனையும் போயிற்று. “தானா வந்தாலும் வரும், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். அதைச் சொல்ல அவர் எதற்கு? கம்பெனி மேனேஜர் மரியாதையானவர். “வெயில் காலம் முடியுற வரைக்கும் லீவு எடுத்துக்குங்க. அப்புறம் வந்து ருசி பார்க்குற மேஜையில உக்காந்து பாருங்க. சரியா வரலேன்னா லேபிள் ஒட்டுற பக்கம் ஒரு இடம் பார்த்துக்கலாம்” என்றார்.

அக்கா, “பரவாயில்ல சார்” என்றாளாம்.

அதுதான் எங்களுக்கு முதல் அதிர்ச்சி. அவள் வாயிலிருந்து ‘பரவாயில்ல’ என்ற சொல் வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. என் கல்யாணப் பந்தியில் எல்லோரும் கை கழுவிய பிறகு, சமையல்காரரைத் தனியே கூப்பிட்டு என்னென்ன தப்பு என்று சொல்லி அனுப்பியவள் அவள். யாருக்கு எதைக் கொடுத்தாலும், தண்ணீரைக்கூட, முதலில் தான் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்காமல் கொடுக்க மாட்டாள். அந்தப் பழக்கத்தையும் காய்ச்சலோடு விட்டுவிட்டாள். “எதுக்குடா பார்க்கணும்? பார்த்து என்ன தெரியப்போகுது?” என்றாள் என்னிடம்.

சமையலையும் விட்டுவிட்டாள். அத்தான் அடுப்படியில் ஏறினார்.

என் மனைவியின் காரணம் இதுதான். அத்தானுக்கு வாய்க்குள் போவதெல்லாம் சாப்பாடு. நல்லது கெட்டது என்ற பேதம் அவர் நாக்குக்குப் பிறவியிலேயே கிடையாது. அவர் வைத்த சூப்பில் ஸ்பூனை விட்டால் ஸ்பூன் தயங்கும். அவர் செய்த கேக்கை நான் ஒரு முறை கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போனபோதும் அது அங்கேயே இருந்தது, எறும்பு தொடவில்லை. அதையெல்லாம் அக்கா கடைசிவரை சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்குங்க” என்பாள். கட்டிய நாளிலிருந்து கேட்காத வார்த்தையைக் கேட்டு அத்தான் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்து நானும் என் மனைவியும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம். அப்படி வாங்கிய கரண்டிகளுக்கு நான் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஆனால் அத்தான் சும்மா இருக்கவில்லை. எது செத்தாலும் காரம் சாகாது, காரம் நாக்கைத் தட்டி எழுப்பிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். முட்டை அட்டையில் விதை போட்டார். முளைத்ததைத் தொட்டிக்கு மாற்றினார். பூ உதிர்ந்தபோது பெயின்ட் பிரஷால் பூவுக்குப் பூ தடவிவிட்டார். முதலில் காய்த்தவற்றை அக்கா வேர்க்கடலை மாதிரி மென்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் எரிந்தது.

“நனைஞ்ச பேப்பர் மாதிரி இருக்குங்க” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நர்சரிக்காரர், அதற்குப் பிறகுதான் கண்டக்டர்.

கண்டக்டருக்குத் தெரிந்த திட்டெல்லாம் பஸ்ஸில் கற்றது. “உள்ள போ, உள்ள போ! வாசல்லயே நின்னா எப்படி? பின்னால இடம் இருக்குல்ல?” என்று தினமும் கத்தினார். ஒரே மாதத்தில் செடிகள் எல்லாம் பாதையை விட்டு விலகிச் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டன. வெயில் இருந்தது பாதைப் பக்கம், செடிகள் சாய்ந்தது நிழல் பக்கம். நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் கடை திறக்கவில்லை.

காரமும் ஏறத்தான் செய்தது. செடிகளுக்கு மேலே துணிக்கொடி இருந்தது. அதில் காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாடி வீட்டு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் போனார். முதல் பாடவேளை முடிவதற்குள் சட்டையைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, பனியனோடு பெருக்கல் கணக்கு நடத்தினாராம். செடிக்குப் பின்னால் இருந்த சுவரில் சுண்ணாம்பு உரிந்து விழுந்தது. எதிர்வீட்டுப் பூனை அந்தப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

சிட்டுக்குருவிகள் மட்டும் அசரவில்லை. தினமும் வந்து பழுத்ததைக் கொத்தித் தின்றுவிட்டு, அலகைத் தொட்டி விளிம்பில் துடைத்துக்கொண்டு போயின. பறவைக்குக் காரம் தெரியாது. அது தெரியாமல் கண்டக்டர் குருவிகளையும் திட்டிப் பார்த்தார்.

அக்கா சமையலறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுங்களும் என்னை மாதிரிதான் போல” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பூவாளியைக் கீழே வைத்தார். அன்று அவர் எந்தச் செடிக்கும் தண்ணீர் ஊற்றவில்லை.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே, பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு செடி இருந்தது. எல்லாவற்றையும்விடக் காரமான ஜாதி என்று எங்கிருந்தோ விதை வரவழைத்துப் போட்டது. இலை மட்டும் யானைக்காது மாதிரி விட்டதே தவிர, பூத்த பூவெல்லாம் கொட்டிவிட்டது. கண்டக்டர் கடைசியாகக் கையை விரித்துவிட்டார்.

“இது நமக்கு மசியாது சார். சில பேர் இருப்பாங்க. என்ன சொன்னாலும் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கிட்டே வருவாங்க.”

வெயில் காலம் முடிந்துகொண்டிருந்தது. மேனேஜர் போன் செய்து, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரச் சொன்னார். அக்கா சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, பழைய கத்தரிக்கோலை எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தாள். லேபிள் வெட்டுவதற்கு அவர்கள் கொடுக்கும் கத்தரிக்கோல் மொக்கையாக இருக்குமாம்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் எழுந்து பின்பக்கம் போனார். கண்டக்டரும் நானும் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் நேராகப் பெயின்ட் டப்பா முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“உனக்கு என்ன குறை வச்சேன்?”

முதலில் யார் பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அத்தானே கேட்டிருக்க மாட்டார்.

“புழு வந்தப்போ ஒவ்வொரு இலையா கையால துடைச்சேனே! காத்தடிச்சப்போ என் சட்டையைக் கழட்டிப் போர்த்துனேனே! அவ அங்க கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடுறா. தெரியுதா உனக்கு? நான் வைக்கிற கண்றாவியைத் தின்னுட்டு தினமும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்றா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? சப்புக் கொட்டி, ‘இதுல வெங்காயம் கருகிருக்கு, உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு’ன்னு என்னைக் கேக்கட்டும், அது போதும் எனக்கு! ஒரு காய்! ஒரே ஒரு காய் காய்க்க உனக்கு என்ன கேடு? நன்றி கெட்ட நாயே!”

தெருவே நின்றுபோனது. மாடி வீட்டு வாத்தியார் பாதி சவரம் செய்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். கண்டக்டர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். அத்தனை வருடம் பஸ்ஸில் நின்று கேட்ட காது அது, அதற்கே அந்தக் கதி. குருவிகள் மொத்தமாகப் பறந்துபோய் அடுத்த தெருவில் உட்கார்ந்தன. ஜன்னலுக்குள் அக்கா கத்தரிக்கோலைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அத்தான் திரும்பி எங்களைப் பார்த்தார். “மன்னிச்சுக்க” என்றார். எங்களிடம் அல்ல. செடியிடம்.

அந்த வாரமே டப்பாச் செடியில் ஒரே ஒரு பிஞ்சு பிடித்தது. ஒரே ஒரு காய்தான் கேட்டார், ஒன்றே ஒன்றுதான் கொடுத்தது. அது வளர்ந்த வேகத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பழுத்தபோது சிவப்பாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை. பலர் முன்னால் திட்டு வாங்கியவன் முகம் மாதிரி ஒரு நிறம். குருவிகள் அதை மட்டும் தொடவில்லை.

அக்கா கம்பெனிக்குப் போகவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டில் அந்த மிளகாயை வைத்தார்கள். அக்கா, அத்தான், நான், என் மனைவி. கண்டக்டர் வாசற்படியில் நின்றார், உள்ளே வரப் பயம். அவரே படியில் நின்று பார்த்தது அன்றுதான். அடுப்பில் அத்தானுடைய சூப் வேறு கொதித்துக்கொண்டிருந்தது.

அத்தான் கத்தியால் மிளகாயைக் கீறினார். மேஜை விரிப்பில் அச்சடித்திருந்த பூக்கள் ஒரு சாயல் வெளுத்தன. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் சைகையால்தான் பேசினார். அவர் மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அக்கா ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நாங்கள் மூச்சு விடவில்லை. விடவும் முடியவில்லை.

விழுங்கினாள். அத்தான் முகத்தைப் பார்த்தாள். ‘நல்லாருக்குங்க’ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். ஜன்னலில் நின்று கேட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“ஒண்ணுமே தெரியலங்க” என்றாள்.

என் மனைவி அழ ஆரம்பித்தாள். அவள் ஏற்கெனவே நெடியில் அழுதுகொண்டிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

“அப்படின்னா இதுல காரமே இல்ல” என்றார் அத்தான் அமைதியாக. “செடி என்னை ஏமாத்திருச்சு. உன் நாக்குல ஒரு குறையும் இல்ல.” சொல்லிவிட்டு மீதி மிளகாயை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அத்தான்!” என்று கத்தினேன். அதற்குள் மென்றுவிட்டார்.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. வழுக்கைத் தலையில் வேர்வை அரும்பி, அரும்பியது அங்கேயே காய்ந்தது. காது இரண்டும் எதிரில் இருப்பவர் பத்திரிகை படிக்கும் அளவுக்கு ஒளிவிட்டன. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். எந்த உணவாலும் எதுவும் செய்ய முடியாத அந்த நாக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ருசியைக் கண்டு அலறியது.

“ஐயையோ!” அக்கா எழுந்து ஓடினாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், பால் பாத்திரத்தை இழுத்தாள், டம்ளரில் ஊற்றினாள், ஓடிவந்தாள். அத்தான் இரண்டு கையையும் நீட்டினார். டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனவள், பதற்றத்தில் பழக்கம் முந்திக்கொள்ள, சட்டென்று பின்னுக்கு இழுத்து அதில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டாள்.

அப்படியே நின்றாள்.

கண்ணை மூடினாள். இன்னொரு சொட்டு விட்டாள். அத்தான் கைகள் காற்றில் துழாவின.

“புளிச்சிருக்கு” என்றாள்.

என் மனைவி அழுகையை நிறுத்தினாள்.

“டேய், இது புளிச்சிருக்குடா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். “எந்த யுகத்துப் பால் இது? மூடாம வச்சிருக்கு, பக்கத்துல நறுக்கின பூண்டு இருந்திருக்கு… பூண்டு! எனக்குப் பூண்டு தெரியுது!”

“அண்ணி, முதல்ல அண்ணனுக்குக் குடுங்க!” என்றாள் என் மனைவி.

“இதையா? கெட்டுப்போனதையா மனுஷனுக்குக் குடுப்பாங்க?” அக்கா டம்ளரைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். அத்தான் எழுப்பிய ஒலியை எழுத்தில் எழுத முடியாது. நான்தான் தயிரைத் தேடி எடுத்துக் கிண்ணத்தோடு அவர் வாயில் கவிழ்த்தேன்.

அதற்குள் அக்கா சர்க்கரை டப்பாவைத் திறந்தாள், உப்பு ஜாடியைத் திறந்தாள், விரலால் தொட்டுத் தொட்டு நக்கினாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு அடுப்பில் இருந்த சூப்பின் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்தாள்.

“வேண்டாம் அண்ணி!” என்று என் மனைவி எழுந்தாள்.

வாயில் வைத்துவிட்டாள்.

எத்தனையோ அதிர்ச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். மிளகாயை முழுதாக மென்ற அத்தான் முகத்தையும் பார்த்தேன். அந்த சூப்பை விழுங்கிய அக்கா முகத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

“இதையா… இத்தனை நாளும்…?”

“ஆமாக்கா.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்களும் சாப்பிட்டீங்களா?”

என் மனைவி தலையாட்டினாள்.

“ஒரு வார்த்தை சொல்லலியேடி!”

அத்தான் தாடையெல்லாம் தயிரோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. மிளகாயால் என்று இன்றுவரை சாதிக்கிறார், நானும் மறுத்ததில்லை. வீங்கிப்போன நாக்கைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார்.

“எப்படி இருக்கு? சூப்பு?”

அக்கா இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். கண்ணை மூடி, கம்பெனி மேஜையில் உட்காருவது போல நிமிர்ந்து நின்று, நாக்கில் உருட்டினாள்.

“உப்பு கொட்டியிருக்கு. வெங்காயம் கருகிருக்கு. கரண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அலசவே இல்ல. உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு?”

அத்தான் முகம் மலர்ந்தது. ‘நல்லாருக்குங்க’ கேட்ட நாட்களில்கூட அது அப்படி மலர்ந்ததில்லை.

மறுநாள் கம்பெனி மேஜையில் அக்கா முதல் பிஸ்கட்டைக் கடித்ததும், மேனேஜர் காலையில் மீசைக்குப் போட்ட சாயம் என்ன கம்பெனி என்று சொன்னாளாம். அவர் அவசரமாக, “போதும், போதும், வேலையில சேர்ந்துடுங்க” என்றாராம்.

நாக்கு தானாகத்தான் வந்தது என்கிறார் டாக்டர். மிளகாய்தான் கொண்டுவந்தது என்கிறார் நர்சரிக்காரர். குரல் திரும்பி வந்த கண்டக்டரைக் கேட்டால் எல்லாம் தான் போட்ட அடித்தளம் என்பார். அந்தப் பால் செத்தவரையும் எழுப்பும் என்பது என் கட்சி.

டப்பாச் செடி அதற்குப் பிறகு காய்க்கவே இல்லை. அத்தான் அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். போகும்போதும் வரும்போதும் ஓர் இலையைத் தொட்டு, “பயப்படாதே, நான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது” என்கிறார்.

மிளகாய் தின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சூப் பாத்திரத்தின் மூடியை மூடவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். திட்டிக்கொண்டே ஒரு கிண்ணம் ஊற்றி, அத்தான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை சொல்லி, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள். பிறகு எழுந்துபோய் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு வழியில்லை. நாங்களும் கிண்ணத்தை நீட்டினோம்.